ஆறு கியர் வண்டியில் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஆறு முறை இறங்குகிறதே, எப்படி? (ஆட்டோமேட்டிக் செடான், மூன்று மாத அனுபவம்)

வளைவுப்பாதை எழுதியது:

பதினாறு வருடம் மேனுவல் ஓட்டியவன் நான். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் முதல் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். நடுத்தர அளவு செடான், 2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, ஆறு கியர் டார்க் கன்வெர்டர், முன்சக்கர டிரைவ். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். என் போன இழையில் பெயரைச் சொன்னதும் நாற்பது மறுமொழிக்குக் கம்பெனிச் சண்டைதான் நடந்தது, வண்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் எந்த ஆட்டோமேட்டிக் அனுபவமும் முழுமையாகாது. வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன், அப்பா பின்சீட்டில். ஒரு திருப்பத்தில் வேகம் குறைக்க வேண்டும். பதினாறு வருடப் பழக்கம், இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போய் ஒரே மிதி மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் பெடல்தான் இருக்கிறது. கிளட்சை மிதிக்கிற பலத்தோடு பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி மூக்கைத் தரையில் குத்தி நின்றது. அப்பாவின் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "லைசென்ஸ் இருக்கா உனக்கு?" என்று கேட்டார். அடுத்த ஒரு வாரம் இடது காலைச் சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

நெரிசலில் இந்த வண்டி சுகம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஊர்கிறது, முன்னால் இருப்பவன் நின்றால் பிரேக், நகர்ந்தால் விடு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் இப்படிப் போய் இறங்கினாலும் கால் வலிப்பதில்லை.

ஓவர்டேக்தான் பழக நாளாயிற்று. இருவழிச் சாலை, முன்னால் லாரி, எதிரே காலி. அழுத்துகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஏன் போக மாட்டேங்கிறது" என்று நினைத்து முடிப்பதற்குள் ஆறாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கி, முள் 4500-க்கு ஏறி, சத்தம் போட்டுக்கொண்டு பாய்கிறது. அந்த நடுவில் இருக்கிற ஒரு நொடிதான் எனக்கும் வண்டிக்கும் இருந்த தகராறு. இப்போது லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே காலைக் கொஞ்சம் ஆழமாக வைத்து ஒரு கியரை இறக்கிக்கொள்கிறேன், பிறகு சாலை காலியானதும் அழுத்தினால் தாமதமே தெரிவதில்லை. மேனுவலில் கையால் செய்ததை இங்கே வலது காலால் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றவை சுருக்கமாக. ஹைவேயில் 100-ல் போகும்போது முள் 2100 பக்கம், என்ஜின் இருப்பதே தெரியாது, டயர் சத்தம்தான் கேட்கிறது. வளைவில் உடம்பு சாய்வது குறைவு, இதற்காகவே உயரமான வண்டி வேண்டாம் என்று செடான் எடுத்தேன். பின்சீட்டில் முழங்கால் இடம் தாராளம், ஆனால் சீட் தாழ்வு, அப்பா இறங்கும்போது கதவைப் பிடித்து எழ வேண்டியிருக்கிறது. பெரிய வேகத்தடையில் நாலு பேரோடு நேராக ஏறினால் அடி தட்டுகிறது. மைலேஜ் ஹைவேயில் லிட்டருக்கு 16, நெரிசலில் 10-க்கும் கீழே.

இப்போது சந்தேகம். ஆறு கியர் என்றால் ஒன்றிலிருந்து ஆறு போக ஐந்து மாற்றம்தானே? முள்ளும் ஐந்து முறைதானே இறங்க வேண்டும்? மெதுவாக, ஒரே சீராக வேகம் ஏற்றிக்கொண்டு போனால் நான் ஆறு முறை எண்ணுகிறேன். 55, 60 பக்கத்தில் ஒரு குட்டி இறக்கம் கூடுதலாக வருகிறது. நாலு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். இந்த ஏழாவது கியர் எங்கிருந்து வந்தது?

மூன்றுபெடல் எழுதியது:

வாழ்த்துகள், நல்ல மனிதர் ஒருவரை இழந்துவிட்டோம்.

சும்மா சொன்னேன். ஆனால் எனக்கு ஆட்டோமேட்டிக் ஓட்டினால் யாரோ ஓட்டுகிற வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறது. எனக்கு எந்த கியர் வேண்டும் என்று எனக்கு வளைவுக்கு முன்பே தெரியும், அதற்கு வளைவுக்குப் பிறகுதான் தெரிகிறது. முன்னால் சாலை எப்படி இருக்கிறது என்று கியர்பாக்ஸுக்குக் கண் இல்லை, பெடல் எங்கே இருக்கிறது, வேகம் என்ன என்பதை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன அந்த ஒரு நொடி எதற்கு நான் காசு கொடுக்க வேண்டும்?

முள் எண்ணுகிற அளவுக்கு உங்களுக்கு நேரம் கிடைக்கிறது பாருங்கள், அதிலேயே தெரிகிறது வண்டியில் உங்களுக்கு வேலை இல்லை என்று.

கிரீஸ்கை எழுதியது:

வளைவுப்பாதை சார், உங்கள் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் எண்ணியதும் சரிதான். அந்த ஆறாவது இறக்கம் கியர் மாற்றம் இல்லை, லாக்-அப்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மேனுவலில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் தட்டு இருக்கிறது, ஒட்டினால் இரண்டும் ஒன்று. உங்கள் வண்டியில் அந்த இடத்தில் எண்ணெய் நிறைந்த ஒரு டப்பா, அதுதான் டார்க் கன்வெர்டர். அதற்குள் எதிரெதிராக இரண்டு விசிறி. இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால் அடிக்கிற காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா, அதே கதைதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒன்றை என்ஜின் சுற்றுகிறது, அது வீசுகிற எண்ணெய் மற்றதைச் சுற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவது ஒன்று உட்கார்ந்து, திரும்பி வருகிற எண்ணெயைச் சரியான பக்கம் திருப்பிவிடும். அதனால்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க், அதாவது சுழற்றும் விசை, ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கூடிக் கிடைக்கிறது. நீங்கள் அனுபவிக்கிற அந்த ஊர்தலும் இதனால்தான், என்ஜின் சும்மா ஓடும்போதே எண்ணெய் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எண்ணெய் மூலம் போகிற சக்தியில் நழுவல் உண்டு. இந்தப் பக்கம் 1900 சுற்று சுற்றினால் அந்தப் பக்கம் 1650 வரும், மிச்சம் வெப்பமாகப் போகும். அதனால் வண்டி ஒரு வேகத்துக்கு வந்ததும் டப்பாவுக்குள் இருக்கிற ஒரு கிளட்ச் இரண்டையும் பிடித்துப் பூட்டிவிடும். பூட்டியதும் நழுவல் நின்றுபோகும், முள் அந்த 200, 250 இறங்கும். கியர் அதேதான், வேகமும் அதேதான்.

நம்பிக்கை இல்லை என்றால் சோதித்துப் பாருங்கள். மேனுவல் மோடில் போட்டு நாலாவது கியரில் வைத்துக்கொள்ளுங்கள், திரையில் 4 என்று தெரியும். 50-லிருந்து மெதுவாக ஏற்றுங்கள். எண் 4-லேயே நிற்கும், முள் மட்டும் இறங்கும். இறங்கிய பிறகு, பின்னால் யாரும் இல்லாத நேரான சாலையாக இருந்தால் மட்டும், ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். தொட்டால் போதும், பிரேக் விளக்கு எரிந்தால் பூட்டு விடுபடும், முள் ஏறும். உங்கள் இடது காலின் முன்வரலாறு தெரியும், அதனால் லேசாக என்பதை இரண்டு முறை சொல்கிறேன்.

இடதுமுழங்கால் எழுதியது:

மூன்றுபெடல், உங்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது, அதனால் பேசுகிறீர்கள். எனக்கு ஜவ்வு அறுவை சிகிச்சை ஆனது. நெரிசலில் பத்து நிமிடத்துக்கு எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை, வலிக்க ஆரம்பித்த பிறகு நான் எண்ணினேன், எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஆட்டோமேட்டிக் இல்லாவிட்டால் நான் பின்சீட்டுக்குப் போயிருப்பேன். ஓட்டும் சுகம் பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.

ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நான் எடுத்தது இரட்டைக் கிளட்ச் வண்டி (ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று), கம்பெனி பெயர் வேண்டாம், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை. ஹைவேயில் அதுபோல ஒன்று கிடையாது, கியர் மாறுவதே தெரியாது, அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருக்கும். ஆனால் மேட்டில் நெரிசல் வந்தால், ஓரடி, அரையடி என்று ஊர்ந்தால், உள்ளே கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்கிறது. ஒரு நாள் கால் மணி நேரம் அப்படி ஊர்ந்த பிறகு திரையில் கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வந்து ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் டார்க் கன்வெர்டருக்கு மாறினேன். மாறியதிலிருந்து நிம்மதி.

கிரீஸ்கை எழுதியது:

உலர் கிளட்ச் வண்டியில் ஊர்தலைக் கம்பெனி மென்பொருளால் நடிக்க வைக்கிறது. நிஜத்தில் அங்கே நடப்பது மேனுவலில் அரைக் கிளட்சில் நிற்பதுதான். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் முன்வண்டியை இரண்டு மூன்று வண்டி நீளம் போகவிட்டு, பிறகு ஒரே அழுத்தாக அழுத்திப் போய் முழுதாக நிற்பது நல்லது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் பிடித்து நிற்காமல் பிரேக்கில் நில்லுங்கள். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும்.

பழையஎன்ஜின் எழுதியது:

எண்ணெய் டப்பா பேச்சு வந்ததால் ஒரு வரலாற்றுக் குறிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள், என்னால் சும்மா இருக்க முடியாது.

இது காருக்காகக் கண்டுபிடித்ததே இல்லை, கப்பலுக்காக. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலின் நீராவி டர்பைன் படுவேகமாகச் சுற்றும், புரொப்பல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும், இரண்டையும் சமாதானம் செய்து வைக்க நடுவில் திரவத்தை வைத்தார். காருக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபிலில் வந்த ஹைட்ராமேட்டிக்தான் பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக், அதில் நாலு கியர், ஆனால் ஸ்டேட்டர் இல்லாத வெறும் திரவ இணைப்புதான். 1948-ல் ப்யூக்கின் டைனாஃப்ளோ டார்க் கன்வெர்டரோடு வந்தது. சாதாரணமாக ஓட்டும்போது அது கியரே மாற்றாது, எல்லாம் எண்ணெய் நழுவலிலேயே நடக்கும். வெண்ணெய் போல் போகும், பெட்ரோலையும் அப்படியே குடிக்கும்.

வளைவுப்பாதை எண்ணிய அந்தக் குட்டி இறக்கம் இருக்கிறதே, அந்தப் பூட்டு 1949-லேயே பேக்கார்டின் அல்ட்ராமேட்டிக்கில் வந்துவிட்டது. ஆனால் அப்போது பெட்ரோலைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை. எண்ணெய் நெருக்கடி வந்து எல்லோரும் விழித்த பிறகுதான், 1978 மாடலில் கிறைஸ்லர் கொண்டுவந்த சமயத்திலிருந்து, அது பரவலானது.

சி.வி.டி., அதாவது படிப்படியான கியர் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறுகிற ஆட்டோமேட்டிக், அதன் பக்கம் போனால் 1958-ல் டச்சுக்காரர்களின் டாஃப் 600. ரப்பர் பெல்ட்டும் கப்பியும். கியரே இல்லாததால் முன்னால் எவ்வளவு வேகம் போகுமோ பின்னாலும் அவ்வளவு வேகம் போகும். நெதர்லாந்தில் அதை வைத்துப் பின்னோக்கிப் பந்தயமே நடத்தினார்கள்.

பெல்ட்வாசி எழுதியது:

சி.வி.டி. வைத்திருப்பவன் என்ற முறையில் வருகிறேன். எங்களுக்கு எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. முள் 2000-ல் நின்றுகொண்டே இருக்கும், வண்டி மட்டும் வேகமெடுத்துக்கொண்டு போகும். முதலில் கிளட்ச் நழுவுகிறதோ என்று பயமாக இருந்தது. நிதானமாக ஓட்டினால் இதைவிட மென்மையானது கிடையாது, வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடும். அவசரத்தில் அழுத்தினால் மட்டும் என்ஜின் ஒரே சுதியில் கத்தும், வேகம் பின்னால் ஆடி அசைந்து வரும். இப்போது ரப்பர் இல்லை, எஃகு பெல்ட்தான், ஆனாலும் அந்த ரப்பர் இழுவை உணர்வு முழுதாகப் போகவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்னுடைய நண்பர் 'என்'-இல் (நியூட்ரல்) போட்டு உருட்டிக்கொண்டு வருகிறார். சரியா?

கிரீஸ்கை எழுதியது:

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் அடியோடு நிற்கும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் ஓட, கொஞ்சம் பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார். அதைவிட முக்கியம், என்ஜின் பிடித்து இழுக்கிற இழுவை போய்விடும், முழு எடையும் பிரேக் தலையில்.

வளைவுப்பாதை எழுதியது:

கிரீஸ்கை, அந்த மலை விஷயத்தில் எனக்கும் ஒரு பாடம் நடந்தது. போன மாதம் இரண்டு நாளில் 640 கிலோமீட்டர் போய் வந்தோம், நடுவில் கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு மலை. ஏறும்போது ஸ்போர்ட் மோடில் போட்டேன், கியரைச் சீக்கிரம் மேலே தள்ளாமல் பிடித்து வைத்துக்கொண்டது, பிரமாதமாக ஏறியது. இறங்கும்போது ஸ்போர்ட் வேண்டாமே, நிதானமாகத்தானே போகிறோம் என்று வெறும் 'டி'-யில் விட்டேன். அது என்னடாவென்றால் காலை எடுத்ததும் ஐந்தாவதுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. இழுவையே இல்லை. வளைவுக்கு வளைவு பிரேக். பாதி மலையில் கருகிய நாற்றம். அப்பா ஜன்னலை இறக்கி மூக்கை வெளியே நீட்டி, "எவனோ பிரேக்கைத் தீய்க்கிறான்" என்றார். சுற்றும் முற்றும் பார்த்தால் சாலையில் எங்கள் வண்டி மட்டும்தான்.

ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிட்டேன். பிறகு மேனுவல் மோடில் போட்டு, வளைவில் இரண்டாவது, நேரில் மூன்றாவது என்று இறங்கினேன். முள் 3000 பக்கம் நின்றது, என்ஜின் உறுமிக்கொண்டே வந்தது, ஆனால் பிரேக்கைத் தொட வேண்டியது வளைவு வாயில் மட்டும்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கிற பேடில் ஷிஃப்டர் எல்லாம் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது மலை இறங்குவதற்கு வைத்தது. மூன்றுபெடல் சொன்ன கண் விஷயம் இந்த இடத்தில் உண்மை, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றுபெடல் எழுதியது:

ஒத்துக்கொண்டதை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் நியாயமாகச் சொன்னால் நீங்கள் செய்ததைப் படித்துப் பார்த்தால் லாரிக்குப் பின்னால் முன்கூட்டியே கியர் இறக்குகிறீர்கள், மலையில் கையால் கியர் போடுகிறீர்கள். நானும் இதைத்தான் செய்கிறேன். கூட ஒரு பெடல், அவ்வளவுதான். நெரிசலில் மட்டும் உங்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை உண்டு, அதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

இடதுமுழங்கால் எழுதியது:

சரிவில் 'பி'-யில் நிறுத்திவிட்டு மறுநாள் எடுக்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வருகிறது, லீவரும் இறுகிக் கிடக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

கிரீஸ்கை எழுதியது:

போகவில்லை, ஆனால் பாவம் அது. 'பி' என்பது உள்ளே ஒரு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுகிற சின்னக் கொக்கி. நீங்கள் 'பி' போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறீர்கள், வண்டி அரையடி உருண்டு அந்தக் கொக்கியில் தொங்குகிறது. ஒன்றரை டன் வண்டி ராத்திரி முழுக்க அந்தக் கொக்கியில்தான் தொங்கியிருக்கிறது. வரிசையை மாற்றுங்கள். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே 'என்', பிறகு ஹேண்ட் பிரேக், பிறகு காலை விட்டு எடை ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், மறுபடி பிரேக்கை மிதித்துக் கடைசியில் 'பி'. எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கைக் கடைசியாக விடுங்கள். டொக் சத்தம் வராது.

அப்புறம் இரண்டு விஷயம், மேனுவலிலிருந்து வந்தவர்கள் மறந்துவிடுவது. பாட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, ஜம்ப் கேபிள்தான் வழி, டிக்கியில் ஒரு ஜோடி கிடக்கட்டும். வண்டி நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவிடாதீர்கள். கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடுகிற பம்பை ஓட்டுவது என்ஜின், அது நின்றிருந்தால் உள்ளே வறட்சியாக உருண்டு தேயும். முன்சக்கரத்தைத் தூக்கியோ முழு வண்டியையும் மேலே ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

பெல்ட்வாசி எழுதியது:

கியர் எண்ணெய் ஆயுளுக்கும் போதும், மாற்றவே வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்களே?

கிரீஸ்கை எழுதியது:

யாருடைய ஆயுள் என்று கேட்டீர்களா?

கையேட்டில் நெரிசல், மலை, வெப்பம் என்று கடின உபயோகத்துக்குத் தனியாக ஒரு அட்டவணை இருந்தால் நாம் எல்லோரும் அந்தப் பட்டியலில்தான் வருவோம். புது எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக, கண்ணாடி போல் இருக்கும். கறுத்து, கருகிய வாடை வந்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். சி.வி.டி.க்கு அதற்கென்று உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், டார்க் கன்வெர்டர் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் நழுவும், பிறகு முழுதாகச் செலவு.

வளைவுப்பாதை எழுதியது:

இன்று காலை சோதனை செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி, நேரான சாலை, பின்னால் ஒரு சைக்கிள் கூட இல்லை. நாலாவது கியர், திரையில் 4. ஐம்பதிலிருந்து ஏற்றினேன். 56-ல் முள் 1900-லிருந்து வழுக்கிக்கொண்டு 1650-க்கு இறங்கியது, எண் 4-லேயே நின்றது. கியர் மாறும்போது வருகிற சின்ன உந்தல் கூட இல்லை, யாரோ மெதுவாகக் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இடது கால் பெருவிரலால் பிரேக்கைத் தொட்டேன், முள் மேலே ஏறியது, விட்டேன், மூன்று நொடி கழித்து மறுபடி இறங்கியது. ஐந்து முறை செய்து பார்த்தேன்.

ஆறாவது முறை கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அப்பா இந்த முறை கண்ணாடியை ஏற்கெனவே கையில் கழற்றி வைத்திருந்தார்.

பழையஎன்ஜின் எழுதியது:

நல்லது. ஆனால் எட்டு கியர் வண்டிக்கு மாறினால் இந்த விளையாட்டு கிடைக்காது, கிளம்பிய உடனே இரண்டாவது கியரிலேயே பூட்டிவிடுகிற பெட்டிகள் பல உண்டு, எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

மூன்றுபெடல் எழுதியது:

வளைவுப்பாதை, அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு நானும் வரலாமா? ஓட்ட இல்லை. முள் பார்க்க.